பிடிக்காதது: தரையிறங்குவது

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். அவற்றில் முந்நூற்று எழுபத்தொன்றில் ஒரே புகார். ஹிபினோ கடைசி அட்டையையும் படித்துவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அந்த நாட்களில் எந்த வீடியோ கேம் பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே ஓர் அஞ்சலட்டை இருக்கும். பெயர், வயது, முகவரி, கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் பிடித்ததை எழுத வேண்டும், மற்றதில் பிடிக்காததை. தபால்தலை தேவையில்லை. ஓசியில் திட்டலாம் என்றால் சனங்கள் சும்மா இருப்பார்களா?

ஹிபினோ உருவாக்கிய ‘செம்பருந்து’ ஒரு போர்விமான விளையாட்டு. இப்போது பழைய சாமான் கடையில் தூசி தட்டி விற்கிறார்கள். அப்போது அது கடைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பிடித்தது என்ற கட்டத்தில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறும் வேகத்தை எழுதியிருந்தார்கள், கிட்டார் இசையை எழுதியிருந்தார்கள். பிடிக்காதது என்ற கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதியிருந்தார்கள். மலை திடீரென்று மூடுபனியிலிருந்து முளைக்கிறது என்றார் ஒருவர். துணைக்கு வரும் விமானி என் மைத்துனன் மாதிரி, பேசுவான், சுடமாட்டான் என்றார் நகோயாவின் பல் டாக்டர் ஒருவர். இவையெல்லாம் சில்லறைப் புகார்கள். பெரிய புகார், தரையிறங்குவது.

ஒவ்வொரு சண்டை முடிந்ததும் விமானத்தை ஓடுபாதையில் நாமே இறக்க வேண்டும் என்று ஹிபினோ வைத்திருந்தான். பத்தில் ஒன்பது பேர் இறக்கத் தெரியாமல் மோதினார்கள். மோதினால் சண்டையை முதலிலிருந்து போட வேண்டும். “முப்பது எதிரியைச் சுட்டு வீழ்த்திவிட்டு வீட்டு வாசலில் வந்து சாகிறேன். இதற்கு எதிரியே தேவலை” என்று எழுதியிருந்தான் ஒரு கல்லூரி மாணவன்.

ஹிபினோவுக்கு அது வலித்தது. அவன் குடியிருந்தது இதாமி விமானநிலையத்துக்குப் பக்கத்தில், தொயோனாகாவில், ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில். விமானங்கள் கூரையை உரசுகிற மாதிரி இறங்குவதால் அங்கே வாடகை குறைவு. மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் நேரத்தில் இவன் ஜன்னலில் நின்று பார்ப்பான். மேலே ஏறுவது யாருக்கும் வரும், இறங்குவதுதான் வித்தை என்று அவனுக்கு ஓர் எண்ணம். எட்டு மாதம் உழைத்து அந்தப் பகுதியைச் செய்தான். அது போனால் அந்த விளையாட்டில் தன்னுடையது என்று சொல்ல அவனுக்கு வேறெதுவும் இல்லை.

அது போகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இரண்டாம் பாகத்தைப் பற்றி முதலாளி முடிவு சொல்வார். முடிவு என்னவென்று எல்லோருக்கும் முன்பே தெரியும்.

முதலாளி தொமிநாகாவுக்கு எழுபது வயது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தினமும் செம்பருந்து ஆடுவார். நன்றாகவே ஆடுவார், எதிரி விமானங்களை ஒன்றுகூட விடாமல் வீழ்த்துவார். சரியாக ஒன்றேகாலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அலுவலகத்தில் அதை வைத்து மணி பார்ப்பவர்கள் உண்டு. இன்னொரு கேலியும் உண்டு. விமான விளையாட்டு விற்கிற மனிதர் விமானத்தில் ஏறமாட்டார். தோக்கியோவுக்கு ரயில், வடக்கே ஹொக்காய்தோ தீவுக்கு ரயிலும் கப்பலும். பயந்தாங்கொள்ளிக் கிழவர் என்று இளவட்டங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஹிபினோவும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

போன வாரம் அவனை அழைத்து முதலாளி சொன்னது இதுதான்: “சண்டை முடிஞ்சதும் திரை இருட்டாயிடட்டும். அவ்வளவு போதும். மேல அனுப்பறவன் எறங்கறதப் பத்தி எதுக்குக் கவலப்படணும்?”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஹிபினோ வாதாடியிருப்பான்.

வியாழக்கிழமை மதியம் அலுவலகம் காலியாக இருந்தபோது, மேஜை இழுப்பறையில் கிடந்த எழுதாத அட்டை ஒன்று அவன் கண்ணில் பட்டது. அதற்குமுன் அவன் பொய் சொல்லாதவன் என்றில்லை, எழுதாதவன். இடதுகையால் கோணல்மாணலாக எழுதினான். முகவரி இல்லாத அட்டை குப்பைக்குப் போய்விடும் என்பது விதி. அதனால் வீட்டு வாசல் பலகையில் தினமும் பார்க்கிற பெயரையே எழுதினான்: நிஷிவாகி, முடிதிருத்துபவர், தொயோனாகா. வயது என்ற இடத்தில் எழுபது என்று போட்டான். தன் வயதுக்காரர் ஒருவர் சொன்னால் முதலாளி கேட்பார் என்று கணக்கு.

பிடித்தது: தரையிறங்குவது. சுடுவதெல்லாம் முடிந்து சக்கரம் தரையைத் தொடும்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

முழுக்கப் புகழ்ந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அடுத்த கட்டத்தையும் நிரப்பினான்.

பிடிக்காதது: எப்படி இறங்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப முயன்றதில் இந்த வயதிலும் வந்துவிட்டது.

அட்டையைக் கட்டின் நடுவே செருகினான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அட்டைக் கட்டைக் கொண்டுவந்தவர் குசுமொதோ அம்மா. முதலாளியிடம் முப்பது வருடமாகச் செயலாளர். எதையும் இரண்டு முறை எண்ணுகிறவர். அன்றும் எண்ணினார். ஒரு கணம் நிறுத்தி, நோட்டில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டுப் பதின்மூன்று என்று எழுதினார்.

முதலாளி அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிக்கொண்டே வந்தவர், நடுவில் ஒன்றில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு அந்த அட்டையைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, முடிவை இந்த மாதக் கடைசிக்குத் தள்ளி வைப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஹிபினோ நான்கு நாள் மகிழ்ச்சியாக இருந்தான். ஐந்தாம் நாள் மாலை மாடிப்படியில் கால் வைத்தபோது, கீழேயிருந்து நிஷிவாகி கூப்பிட்டார்.

நிஷிவாகிக்கு உண்மையில் ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. கடைக்கு விளம்பரமாகத் தன் தலைமுடியை மைக்கறுப்பாகச் சாயம் பூசி வைத்திருப்பவர். வாடிக்கையாளருக்குச் சவரம் செய்யும்போது விமானம் வந்தால் கத்தியை அப்படியே காற்றில் நிறுத்தி, சத்தம் போனபின் தொடருவார். முப்பது வருடப் பழக்கம்.

அவர் மேஜைமேல் ஒரு மரப்பெட்டி திறந்திருந்தது. உள்ளே மெல்லிய சோமென் சேமியா, நாடா போட்டுக் கட்டுக் கட்டாக. கோடைக்காலப் பரிசு. அனுப்பியவர் பெயர் தொமிநாகா என்றிருந்தது. கூடவே, ‘தாங்கள் தரையிறங்கும் விதம் பற்றி எழுதியது மனத்தில் நிற்கிறது’ என்று தூரிகையால் எழுதிய கடிதம்.

“தம்பி, நான் எப்பப்பா தரையிறங்கினேன்?” என்றார் நிஷிவாகி.

ஹிபினோ தரையில் மண்டியிட்டு, தலையைப் பாயில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். பொய் சொன்ன வாய்க்குப் பொரி கிடைக்காது என்பார்கள். இவன் சொன்ன பொய்க்குப் பக்கத்து வாய்க்குச் சேமியா கிடைத்திருந்தது.

“வேலில போன ஓணான எடுத்து என் மடில கட்டிட்டியே.”

“திருப்பி அனுப்பிடலாம் அண்ணே. ஆள் மாறி வந்துடுச்சுன்னு சொல்லிடலாம்.”

நிஷிவாகி பெட்டியைச் சாய்த்துக் காட்டினார். மூன்று கட்டுகள் குறைந்தன.

“நேத்து சாயந்தரம் ஐஸ் போட்டுச் சாப்பிட்டுட்டேன். சாப்பிட்டப்புறம் அந்த ஆள் நான் இல்லன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

அது நியாயம்தான். வாங்கிச் சாப்பிட்டவன் வாயைத் திறந்து மறுக்க முடியாது. பதில் மரியாதை செய்தாக வேண்டும், அதுவும் வந்ததில் பாதி மதிப்புக்கு; கூடினால் அகங்காரம், குறைந்தால் அவமானம். சோயாவில் சுண்டக் காய்ச்சிய கடல்பாசி ஒரு டப்பா வாங்கி அனுப்பினார் நிஷிவாகி. கூட வைக்கும் கடிதத்தை, கடிதம் எழுதுவது எப்படி என்ற புத்தகத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தார். வெயிலைப் பற்றி ஒரு வரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி, கடைசியில் எல்லோரும் எழுதுகிற அந்த வரி: இந்தப் பக்கம் வர நேர்ந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள்.

எங்கள் நாட்டில் இந்த வரியை எழுதாதவரும் இல்லை, இதை நம்பிக் கிளம்பியவரும் இல்லை. கல்யாணமாகி வீடு மாறினால் எழுதுவோம், வேலை மாறினால் எழுதுவோம். அதைப் படித்துவிட்டு யாராவது நிஜமாகவே வந்து நின்றால் ஏதோ விபரீதம் என்று பயந்துபோவோம்.

தொமிநாகா கிளம்பிவிட்டார்.

குசுமொதோ அம்மா கடைக்குத் தொலைபேசியில் பேசினார். வரும் திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை அல்லவா, அன்று மதியம் இரண்டு மணிக்கு முதலாளி வருவார், நிஷிவாகி தரையிறங்குவதை ஒரே ஒரு முறை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார் என்றார். வராதீர்கள் என்று சொல்ல அந்தப் புத்தகத்தில் கடிதம் இல்லை.

ஆறு நாள் இருந்தது. ஹிபினோ தன் கேம் மெஷினைக் கீழே தூக்கி வந்து, கடை சாத்தியபின் தினமும் நிஷிவாகிக்குச் சொல்லிக்கொடுத்தான். மூக்கை மேலே தூக்க விசையைக் கீழே அழுத்த வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. மேலே போக எதற்குக் கீழே அழுத்துவது, நீ செஞ்சதுல கோளாறுப்பா என்றார். அந்தப் புகார் ஐம்பத்திரண்டு அட்டைகளில் இருந்தது என்பதை ஹிபினோ சொல்லவில்லை. ஒரு மயிரிழைகூடக் கீறாமல் காதோரம் கத்தி ஓட்டுகிற அதே கை, அந்தச் சின்ன பிளாஸ்டிக் சாமானைப் பிடித்ததும் நடுங்கியது. போதாதற்கு, மேலே நிஜ விமானம் வரும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் கையை அப்படியே நிறுத்திவிடுவார். திரையில் விமானம் கடலுக்குள் போகும். சனிக்கிழமைவரை நாற்பத்தேழு முறை மோதினார்.

“கடைசி வரைக்கும் வராது தம்பி. என் கையப் பத்தி எனக்குத் தெரியும்” என்றார்.

தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. ஹிபினோ கடைசி உபாயத்துக்கு வந்தான். அந்த மெஷினில் இரண்டு கைப்பிடிகள் மாட்டலாம்; செம்பருந்து ஒருவர் ஆடும் விளையாட்டு என்பதால் இரண்டாவது கைப்பிடியை அமுக்கினால் ஒன்றும் ஆகாது. அதை நிஷிவாகி வைத்துக்கொள்ளட்டும். முதல் கைப்பிடியின் வயரைப் பாயின் ஓரமாக ஓட்டி, மெத்தைகள் அடுக்கும் சுவர் அலமாரிக்குள் இவன் உட்கார்ந்துகொள்வான். தள்ளுகதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தால் திரை தெரியும்.

வயதுக்கு என்ன செய்வது என்று நிஷிவாகியே கேட்டார். பிறகு அவரே சவரக்கடைப் பவுடரை எடுத்துத் தலையில் கொட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, “எங்கப்பா மாதிரியே இருக்கேன்” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

திங்கட்கிழமைக்கு விடுப்பு கேட்க ஹிபினோ குசுமொதோ அம்மாவிடம் போனான். மாமா ஒருவருக்கு வருஷாப்திகம் என்று சொன்னான். அவர் படிவத்தில் முத்திரை குத்திக்கொடுத்தார்.

“திங்கக்கெழம ரொம்பப் புழுக்கமா இருக்குமாம். தண்ணி நெறையக் குடிங்க” என்றார்.

புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம். ஜூலை மாதம், மூடிய அலமாரி, இடப்பக்கம் குளிர்காலப் பஞ்சுமெத்தைகள் இரண்டு. ஒன்றரை மணிக்கே உள்ளே போன ஹிபினோவின் சட்டை பத்து நிமிடத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. சரியாக இரண்டுக்கு வாசல் மணி ஒலித்தது. குனிந்து வணங்குவதும் பதிலுக்குக் குனிவதும் முடிய ஐந்து நிமிடம் ஆயிற்று. பார்லித் தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது. முதலாளி தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார். கூடவே வந்த குசுமொதோ அம்மாவுக்கும் அங்கேதான் உட்காரும் மெத்தை போட்டிருந்தது. அவரோ, மின்விசிறிக் காற்று ஆகாது என்று சொல்லி மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து, அலமாரிக் கதவை ஒட்டி முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்.

விரல் அகல இடைவெளியில் ஹிபினோவுக்கு இப்போது தெரிந்தது சாம்பல்நிற ரவிக்கைத் துணி மட்டுமே.

காதுதான் மிச்சம். விளையாட்டில் ஒரு பெண்குரல் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வரும். அந்த ஒலிகளை ஒவ்வொன்றாக வைத்தவன் அவன்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு இறக்கிவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வெளியே முதலாளி மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்.

“நமக்கு ஒரே வயசுன்னு அட்டைல பாத்தேன். அந்தக் கடைசிக் கோடைல நீங்க எங்க இருந்தீங்க?”

எந்தக் கடைசிக் கோடை என்று எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்களிடம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. போர் முடிந்த கோடை. அப்போது நிஷிவாகிக்கு ஏழு வயது. ஹிபினோ அலமாரிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“கிராமத்துல இருந்தேங்க. சக்கரவள்ளிக் கெழங்கு தோண்டிக்கிட்டு” என்று உண்மையைச் சொன்னார் நிஷிவாகி.

“நல்ல வேல” என்றார் முதலாளி. “ரொம்ப நல்ல வேல.”

தான் எங்கே இருந்தார் என்று அவர் சொல்லவில்லை.

விளையாட்டு தொடங்கியது. நிஷிவாகி வெறும் கைப்பிடியை வைத்துக்கொண்டு மும்முரமாக அமுக்கினார். ஹிபினோ உள்ளேயிருந்து ஏற்றினான், சுட்டான், திரும்பினான். ஐந்நூறு, முந்நூறு, நூறு என்றது பெண்குரல். சக்கரம் தரையைத் தொடும் கீச்சொலி கேட்டது. அருமையான இறக்கம்.

“எப்படி?” என்றார் முதலாளி.

நிஷிவாகி என்ன சொல்வார் பாவம். தெரிந்த தொழிலைச் சொன்னார்.

“கத்தி மாதிரிதாங்க. இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கன்னம் எங்க இருக்குன்னு கண்ணு பாக்கறதுக்கு முந்தி கைக்குத் தெரியும். பயந்தோம்னா கீறிடும்.”

முதலாளி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கூரைக்கு மேலே ஒரு விமானம் வந்தது. தேநீர்க் கோப்பைகள் கிடுகிடுத்தன. சத்தம் ஓய்ந்தபோது விளையாட்டு மறுபடி தொடங்கும் இசை கேட்டது. இன்னொரு முறை ஆடிக் காட்டச் சொல்கிறார் போலிருக்கிறது என்று ஹிபினோ எண்ணிக்கொண்டான். வழிகிற வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினான்.

இந்த முறை வெளியே நிஷிவாகியின் குரல் மட்டும் கேட்டது. “மெதுவா. ஆங், அப்படித்தான், மெதுவா” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆள் நடிப்பில் தேறிவிட்டார் என்று இவன் நினைத்தான். ஐந்நூறு என்றது பெண்குரல். முந்நூறு. நூறு என்று சொல்லி முடிக்கவும் அடுத்த விமானம் வரவும் சரியாக இருந்தது. உலகமே அந்த இரைச்சலில் மூழ்கியது. ஹிபினோவுக்குப் பெண்குரலும் இல்லை, காற்றின் ஒலியும் இல்லை. ஒன்றும் இல்லை.

நூறிலிருந்து தரைக்கு ஒன்பது விநாடி. அது மட்டும் அவனுக்குத் தெரியும். எட்டு மாதம் அதை அளந்து அளந்து வைத்தவன். இருட்டில் வாய்க்குள் எண்ணினான். நான்கில் வேகத்தைக் குறைத்தான். ஏழில் மூக்கை ஓர் இம்மி தூக்கினான். ஒன்பதில் விட்டான்.

நிஜ விமானம் இதாமியில் இறங்கிச் சத்தம் தேய்ந்தது. அறைக்குள் செம்பருந்தின் வெற்றி இசை ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலாக ஒரு குரல் கேட்டது. நிஷிவாகியின் குரல் அல்ல.

“எறங்கிட்டேன்” என்றார் முதலாளி.

முதல் விமானத்தின் இரைச்சலில் கைப்பிடி கைமாறியிருக்கிறது. கிழவர் இவ்வளவு நேரமும் ஒன்றுக்கும் உதவாத கைப்பிடியை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். மனசார அமுக்குகிறவனுக்கு, தான் அமுக்கித்தான் நடக்கிறது என்பதில் சந்தேகமே வருவதில்லை.

“எறங்கிட்டீங்க ஐயா” என்றார் நிஷிவாகி. அவருக்கு வேறு வழியில்லை.

மின்விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. குசுமொதோ அம்மாவின் முதுகு கதவில் லேசாக அசைந்தது. பிறகு முதலாளி எழுந்து, நிஷிவாகிக்கு முன்னால் நெற்றி பாயில் படும்படி குனிந்து வணங்கியதாக நிஷிவாகி பின்னால் சொன்னார். தன் பவுடர் தலையிலிருந்து வியர்வை வெள்ளையாக வடிந்துகொண்டிருந்ததை முதலாளி கவனிக்கவே இல்லையாம்.

மறுநாள் காலை முதலாளி எல்லோரையும் அழைத்தார். இரண்டாம் பாகத்தில் தரையிறங்குவது இருக்கும் என்றார். ஒரு குறையை மட்டும் நீக்க வேண்டும் என்று சொல்லி, உள்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார்.

“சொல்லிக் குடுக்காம எறங்கச் சொல்றது தப்பு. அதுக்கு ஒரு பாடம் வைங்க. சுடறதுக்கு முன்னாடி, ஏறறதுக்கும் முன்னாடி, முதல் பாடமே அதுவா இருக்கணும். ஹிபினோ, அத நீங்கதான் செய்யணும்.”

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஹிபினோவுக்குச் சோறு இறங்கவில்லை. மணி ஒன்றேகால் ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் டமார் என்ற சத்தம் கேட்கவில்லை. அலுவலகத்தில் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, நிஜமான கைப்பிடியைப் பிடித்து அவர் மோதத்தான் போகிறார். எழுபது வயது மனிதரை இப்படி ஏமாற்றிவிட்டு அதன்மேல் ஒரு விளையாட்டைக் கட்டுவதா? சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். வேலை போனால் போகட்டும் என்று மூன்று மணிக்கு முதலாளியின் அறைக்குப் போனான்.

வாசல் மேஜையில் குசுமொதோ அம்மா தொலைபேசியில் இருந்தார். அடுத்த வாரம் தோக்கியோவுக்கு இரண்டு டிக்கெட், போகவும் வரவும், ஜன்னல் சீட் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் கம்பெனியோடு பேசவில்லை. பேசியது விமானக் கம்பெனியோடு. வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“உள்ள போகணுமா?”

“உண்மையச் சொல்லிடலாம்னு வந்தேன்மா.”

“எந்த உண்மை? நானூத்திப் பதிமூணாவது அட்டையா, அலமாரியா?”

ஹிபினோ கதவை நோக்கி எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“அந்த வயர் பாய்க்கு மேல தெரிஞ்சுது. முக்கால் மணி நேரம் அது மேலயே உக்காந்திருந்தேன். கால் மரத்துப் போயிடுச்சு” என்றார் அவர். பிறகு, முதலாளி காலையிலேயே மெஷினைத் துணி சுற்றிக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டதையும் சொன்னார். இனிமேல் ஆடப்போவதில்லையாம், ஒரு தடவை போதுமாம்.

“ஆனா அவர் எறங்கவே இல்லையேம்மா. எறக்கினது நான். இது ஏமாத்தறது இல்லையா?”

குசுமொதோ அம்மா முதலாளியின் அறைக் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாப்பத்தஞ்சுல ஐயாவுக்குப் பத்தொம்பது வயசு. விமானப் படையில இருந்தார். அவர் முறை வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தி போர் முடிஞ்சுது. மேல ஏறறதுக்கும், விமானத்தோடயே போய் மோதக் கப்பலப் பாத்துக் குறி வைக்கறதுக்கும் பத்து நாள் பயிற்சி குடுத்தாங்களாம். எறங்கறதுக்குப் பாடமே வைக்கல ஹிபினோ. அவங்க யாரும் திரும்பி வர்றதா இல்ல.”